பவர் ஏத்தினா லைன் ஃபோகஸ் நகருது, சிலிண்டர் லென்ஸ் போச்சா?

கோடுகிழிப்பான்:
அவசரம். சிலிண்டர் லென்ஸ் வெச்சு லேசரை கோடு மாதிரி லைன் பீமா எடுக்கிறோம், கம்மி பவர்ல லைன் நல்லா மெல்லிசா வருது, ஏத்தினா உடனே தடிச்சுடுது, ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா திரும்ப சரியா இருக்கு, அப்புறம் லைன்ல ஒரு முனை மட்டும் எப்பவுமே குண்டு. லென்ஸை மாத்தணுமா? இன்னிக்கே மெஷின் ஓடணும்

மைக்ரான்மணி:
வேவ்லெங்த்? பவர்? சிடபிள்யூவா (விடாம வர்றது) பல்ஸா (விட்டு விட்டு வர்றது)? லென்ஸ் என்ன மெட்டீரியல்? ஒண்ணுமே சொல்லலையே ப்ரோ

அரைஅலை:
வளைஞ்ச பக்கம் எதைப் பாத்து இருக்கு? கொலிமேட் ஆன (இணைக்கதிரா இருக்கிற) பீம் வர்ற பக்கம்தான் வளைவு இருக்கணும், திருப்பி மாட்டினா லைன் தடிக்கும்.

மைக்ரான்மணி:
அது கம்மி பவர்லயும் தடிக்குமே

பழையகை:
எத்தனை தடவைதான் இதையே சொல்றது. கண்ணாடி சூடாகி ஃபோகஸ் நகருறதுக்குப் பேர் தெர்மல் லென்சிங், அதைப் படிச்சுட்டு வந்து கேக்கலாம். பிகே7 கண்ணாடி போட்டிருப்பீங்க. ஃப்யூஸ்டு சிலிக்கா (சுத்தமான சிலிக்கா கண்ணாடி) போடுங்க, முடிஞ்சுது.

கோடுகிழிப்பான்:
ஃபைபர் லேசர் சார், 1070 நானோமீட்டர், 3 கிலோவாட், சிடபிள்யூ. லென்ஸ் ஃப்யூஸ்டு சிலிக்காதான்

பழையகை:
அப்போ லென்ஸ் மேல பூசின கோட்டிங் மட்டம்.

முறிவெண்:
சிலிக்கான்னா சர்வரோக நிவாரணியா? சூட்டுக்கு ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் (ஒளியை வளைக்கிற அளவு) மாறுறது பிகே7-ஐ விட சிலிக்காலதான் அதிகம், டேட்டாஷீட்ல போட்டிருக்கு.

பழையகை:
ஒரு நம்பரை மட்டும் படிச்சா இப்படித்தான். சூடானாத்தானே இண்டெக்ஸ் மாறும்? 1 மைக்ரான் பக்கம் நல்ல சிலிக்கா லைட்டை உறிஞ்சறதே ரொம்ப சொற்பம். விரியறதும் டிகிரிக்கு 10 லட்சத்துல 0.55 பங்குதான், பிகே7 7.1.

முறிவெண்:
சுத்தமா இருந்தா சரி. மேல அழுக்கு உக்காந்தா எந்தக் கண்ணாடியும் சூடாகும், அப்போ நான் சொன்ன நம்பர்தான் பேசும்.

பழையகை:
பேச்சை மாத்தாதீங்க.

மைக்ரான்மணி:
சண்டை அப்புறம். கோடுகிழிப்பான், செகண்டுல நகருதுன்னா கண்ணாடி, நிமிஷக் கணக்குல மெதுவா நகருதுன்னா லென்ஸைப் பிடிச்சிருக்கிற மவுண்ட் சூடாகுது. நீங்க உடனேன்னு சொல்றதால லேசரை லாக் பண்ணிட்டு வேலைக்குப் பக்கத்துல இருக்கிற ப்ரொடெக்டிவ் விண்டோவை (லென்ஸைக் காக்கிற கண்ணாடி) முதல்ல கழட்டி, டார்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. ஸ்பாட்டர் (உருகித் தெறிச்ச துளி) பட்டிருக்கும். காஞ்ச துணியால தேய்க்கவே கூடாது, கோட்டிங்ல கீறல் விழும், லென்ஸ் டிஷ்யூல ஐசோப்ரொப்பனால் விட்டு ஒரே இழுப்பு, அதே டிஷ்யூவை மறுபடி தொடாதீங்க. கறை போகலைன்னா விண்டோவை மாத்திடுங்க. குண்டு முனை வேற கதை, கம்மி பவர்லயும் இருக்குன்னா சூடு காரணமில்ல, லென்ஸும் வேலைப் பரப்பும் லைன் நீளவாட்டத்துல இணையா இல்ல, டில்ட் பாக்கணும்.

அரைஅலை:
பீம் ப்ரொஃபைலர்ல (பீமோட வடிவத்தை அளக்கிற கருவி) பாத்தீங்களா? அதுக்கு முன்னாடி வெச்ச ஃபில்டரே சூடாகி லைனை கெடுக்கும், எனக்கு என்னமோ அதான்னு தோணுது.

கோடுகிழிப்பான்:
விண்டோல லைன் போற தடத்துலயே பழுப்பா ஒரு கறை. மாத்தியாச்சு, ஃபோகஸ் நிக்குது. நன்றி

மைக்ரான்மணி:
குண்டு முனை என்னாச்சு?

மைக்ரான்மணி:
ஹலோ?

முறிவெண்:
பழையகை சார், அழுக்குன்னு சொன்னேன்ல.

பழையகை:
லென்ஸ்ல இல்லையே. விண்டோலதானே.