தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பிய ஊரில் கோயில் காலியாமே?

பொறையார்க்காரன்:
வயது 61. ஊர் பொறையாறு பக்கம். தாத்தா லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபையில் உபதேசியாராக, அதாவது போதகருக்கு உதவி ஊழியராக, இருந்தவர். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வி.

போன ஜனவரியில் டென்மார்க்கிலிருந்து கணவன் மனைவி இரண்டு பேர் தரங்கம்பாடி பார்க்க வந்தார்கள். கோட்டை பார்த்தாயிற்று, 1718-இல் கட்டிய புது எருசலேம் கோயிலும் பார்த்தாயிற்று. ஆட்டோ ஓட்டிய பையன் எங்கள் சபைப் பிள்ளை. "எங்க கோயிலையும் பாருங்க" என்று ஞாயிறு காலை இங்கே கூட்டி வந்துவிட்டான். உள்ளே நிற்க இடமில்லை. வேப்பமரத்தடி வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. அந்தம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெண்கள் பக்கம் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டார். ஆராதனை முடிந்ததும் அவர் கணவர் என்னிடம், "எல்லா ஞாயிறும் இப்படித்தானா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன்.

அவர் கோயிலுக்குள் போனது பதினாலு வயதில் திடப்படுத்தலுக்கு (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), அப்புறம் அம்மா அடக்கத்துக்கு. அவர் ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் வந்தால் பெரிதாம். ஆனால் கோயில் வரி மட்டும் விடாமல் கட்டுகிறார்.

1706 ஜூலை 9-இல் சீகன்பால்கும் புளூட்சோவும் இந்தக் கரையில் இறங்கினார்கள். ஜெர்மன்காரர்கள்; அனுப்பியது டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். அரசர் அனுப்பிய சீகன்பால்கை அதே நாட்டு வியாபாரக் கம்பெனி அதிகாரி கோட்டையில் நாலு மாதம் அடைத்து வைத்தான். அதற்குப் பிறகும் அந்த மனிதர் 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து, 36 வயதில் இங்கேயே அடக்கமானார். நாற்றங்கால் அங்கே காய்ந்து கிடக்கிறது, பறித்து நட்ட வயல் இங்கே விளைகிறது. இது எப்படி? டென்மார்க்கில் மட்டுமா, உலகம் பூராவுமா?

செப்பேட்டுக் கிறுக்கன், கும்பகோணம்:
அண்ணே, முதலில் கணக்கு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2011-இல் வெளியிட்டது. 1910-இல் உலகக் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஐரோப்பாவில். 2010-இல் அது நாலில் ஒரு பங்கு. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 1910-இல் உலகக் கிறிஸ்தவர்களில் நூற்றுக்கு ஒன்றரைகூடத் தேறாது, 2010-இல் 24. ஐரோப்பாவில் தலைக்கணக்கு குறையவில்லை, மற்ற இடங்களில் பல மடங்கு பெருகிவிட்டது. கோயிலுக்குப் போகிற கால்கள் குறைந்தது தனிக்கதை. எத்தியோப்பியாவில் மெக்கானே இயேசுஸ் என்று ஒரு லுத்தரன் சபை, ஒரு கோடிப் பேருக்கு மேல். உங்கள் பங்காளிகள்.

டென்மார்க்கை நாற்றங்கால் என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. அவர்களும் நாற்று வாங்கி நட்டவர்களே. டென்மார்க் அரசன் ஹரால்ட் ஞானஸ்நானம் வாங்கியது 965 வாக்கில். அவனுடைய பட்டப்பெயர்தான் உங்கள் போனில் இருக்கிற ப்ளூடூத். அதற்கு நூறு வருஷம் முந்தி, 849-இல், கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் நிலமும் குடிகளும் உரிமைகளும் எழுதிக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. வாசகம் வட்டெழுத்தில். சாட்சிக் கையெழுத்துகள் அரபு எழுத்தில், பாரசீகத்தில், எபிரேய எழுத்தில். அந்த ஏட்டின் படத்தை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று என் வீட்டுக்காரியைக் கேளுங்கள். சீனாவுக்கு அலோபென் என்ற கிறிஸ்தவத் துறவி போனது 635-இல்; அதைச் சொல்லும் கல்வெட்டு, 781-இல் வைத்தது, சீ-ஆனில் இன்னும் நிற்கிறது. இதெல்லாம் ஐரோப்பா வழியாக வந்ததே இல்லை, பாரசீகம் வழி. மேற்கே பிறந்த மதம் என்பது ஒரு ஐந்நூறு வருஷப் பழக்கத்தில் வந்த பேச்சு.

வாய்க்கால் மதகு:
நாற்று, வயல் எல்லாம் சரி. நட்டது யார்? எங்க அப்பாயி மாதிரி ஆட்கள்தான், நிஜ வயலிலும் சரி, சபையிலும் சரி. அவங்க சின்ன வயசில் ஒரு கோயிலில், பேர் வேண்டாம், ஒரு பக்கத்தாருக்கு பெஞ்சு, எங்களுக்குத் தரை. திருவிருந்துப் பாத்திரம் எங்ககிட்ட கடைசியில்தான் வரும்.

1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் அதற்கு வந்த எதிர்ப்பு கொஞ்சமா? கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதின வேதநாயகம் சாஸ்திரியாரே எதிர்ப்பக்கம் நின்றார். அவர் கீர்த்தனை கேட்டால் எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கும். இரண்டும் உண்மைதான், என்ன செய்ய.

எங்க அம்மா 1988-இல் ஓலைக்கொட்டகைப் பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். பாஸ்டர் பெயிண்டர் வேலை பார்க்கிறவர், நகத்தில் நீலக்கறை போகாது. "இங்கே உட்காரு, அங்கே உட்காரு" என்று யாரும் சொல்லவில்லை. அம்மா எழுந்து நின்று சாட்சி சொன்னாள், ஐம்பது பேர் கேட்டார்கள். அதுவரைக்கும் அவள் பேச்சை வீட்டில்கூட யாரும் முழுசாகக் கேட்டதில்லை. ஆப்பிரிக்கா, பிரேசில் எல்லாம் ஏன் பெந்தெகொஸ்தே பக்கம் போச்சு என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான். 1906-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவில் இந்த எழுப்புதலை நடத்தினவர் வில்லியம் சீமோர், அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளை. குதிரை லாயமாகக் கிடந்த பழைய கட்டடம். கருப்பரும் வெள்ளையரும் அங்கே ஒன்றாக மண்டியிட்டார்கள். பின்னாடி அதிலும் பிரிவினை வந்தது. எங்க ஜெபவீட்டிலும் வந்தது. இப்போ அதே தெருவில் மூணு ஜெபவீடு.

மாதாகுளம், நாகை:
என் தம்பி ஜெர்மனியில் பவேரியாவில் கத்தோலிக்கச் சாமியார். மூணு ஊருக்கு ஒரே ஆள், காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கிழமை நாள் பூசைக்குப் பத்துப் பாட்டிமார். குளிரில் கை விறைத்து நற்கருணைப் பாத்திரத்தையே பிடிக்க முடியவில்லை என்று போனில் சிரிக்கிறான். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியச் சாமியார் தத்துவ போதகர் நொபிலி, "நான் பரங்கி அல்ல" என்று சொல்லிக் காவி கட்டினார். இவன் ஜெர்மனியில் பனிக்கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறான்.

ஒரு சந்தேகம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து வருகிறவர்களில் ஞானஸ்நானம் வாங்காதவர்கள் எத்தனை பேர்! மொட்டை போடுகிறார்கள், தொட்டில் கட்டுகிறார்கள், தென்னங்கன்று வைக்கிறார்கள். இவர்களை அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது? இந்தோனேசியாவில் மேடானில் கோபுரம் வைத்து வேளாங்கண்ணி மாதாவுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள், 2005-இல் திறந்தது. நாகப்பட்டினக் கடற்கரை மாதா சுமத்ராவுக்குப் போய்விட்டாள். அனுப்பின ஊர், வாங்கின ஊர் என்று கோடு போட்டால் நாங்கள் எந்தப் பக்கம்?

திருக்கடையூர் டீக்கடை:
பொறையார் அண்ணே, ஜனவரி ஞாயிறுன்னீங்க. அறுப்பின் பண்டிகையா? நான் முருக பக்தன், ஆனா அன்னைக்கு நீங்க காணிக்கையா வந்த விளைச்சலை விடுற ஏலத்துல வருஷா வருஷம் கோழி எடுத்திருக்கேன். சும்மா ஞாயிறுல அந்த வேப்பமரத்தடியில மாடுதானே கட்டியிருக்கும்?

பொறையார்க்காரன்:
பிடித்துவிட்டீர்கள் தம்பி. அறுப்பின் பண்டிகைதான். சாதாரண ஞாயிறு நாற்பது பேர், அதிலும் பாதி என் வயதுக்காரர்கள். எங்கள் போதகர் ஐயருக்கும் நாகை அம்மாவின் தம்பி மாதிரியே மூன்று சபை; எங்களிடம் வந்து சேரப் பதினொன்று ஆகிவிடும். என் பிள்ளைகள் ஒருவன் சிங்கப்பூர், ஒருவன் அம்பத்தூர். இரண்டு பேரும் யூடியூபில் ஆராதனை பார்ப்பதாகச் சொல்கிறார்கள்.

மதகு சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் கோயிலிலும் பெஞ்சு இருந்தது. தாத்தா எதில் உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியும்.

அன்றைய ஏலத்தைச் சொல்லவில்லையே. முதல் நெல் மூட்டை, வாழைத்தார், சேவல் எல்லாம் போனபின் ஒரு பரங்கிக்காய் வந்தது. என்ன நடக்கிறது என்று புரியாமலே டென்மார்க்காரர் கையைத் தூக்கினார். 900 ரூபாய்க்கு அவர் பேரில் விழுந்தது. "பரங்கிக்கே பரங்கிக்காயா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் ஆட்டோவில் போனார். தங்கின இடத்துச் சமையற்காரரிடம் கொடுத்து, மறுநாள் இட்லிக்குச் சாம்பாராம்.

அவருடைய மின்னஞ்சல் என்னிடம் இருக்கிறது. எல்லா ஞாயிறும் அப்படி இல்லை என்று எழுத வேண்டும். என் ஆங்கிலம் அவ்வளவு போதாது, யாராவது எழுதித் தருவீர்களா?