குன்னூர் ஸ்டுடியோ: சரிவு வரைபடம் முழுக்க 89 டிகிரி காட்டுது

பிளான்_மூணாம்_வருஷம்:
பி.பிளான் (நகரமைப்புப் பட்டப்படிப்பு) மூன்றாம் ஆண்டு ஸ்டுடியோவுக்கு (திட்டமிடும் பயிற்சி) எடுத்த ஊர் குன்னூர். நிலப் பயன்பாட்டுத் திட்டம் போடணும். எஸ்.ஆர்.டி.எம். (விண்கல ரேடாரில் அளந்தது) 30 மீட்டர் பிக்சல் உயரத் தரவை இறக்கி, க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஸ்லோப் (சரிவுக் கணக்கு) ஓட்டினால் ஊர் முழுக்க 89 டிகிரிக்கு மேல் வருது. லேயரின் சி.ஆர்.எஸ்.ஸை (இடத்தை எண்களால் குறிக்கிற முறை) மீட்டரில் அளக்குற யு.டி.எம்.முக்கு மாத்தினால் லேயரே காணாமல் போகுது. இன்னொன்று: 15 டிகிரிக்குள் இருக்கிற இடத்தை எல்லாம் குடியிருப்புக்கு ஒதுக்கலாம்னு குழுவில் முடிவு. ஜூரியில் (மதிப்பீட்டுக் குழு முன்னால்) நிக்குமா?

வரைபட_மேசை:
இறக்கின தரவில் தீர்க்கரேகை, அட்சரேகை டிகிரியில் இருக்கு, உயரம் மீட்டரில் இருக்கு. ஒரு பிக்சல் சுமார் 0.00028 டிகிரி. பக்கத்துப் பிக்சலோடு 10 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால், 10-ஐ 0.00028-ஆல் வகுத்துச் சரிவு போடும். செங்குத்துப் பாறைதான் வரும்.

'செட் லேயர் சி.ஆர்.எஸ்.' பெயர்ப்பலகையை மட்டும் மாத்தும், தரவை மாத்தாது. 76.8, 11.35 என்ற எண்களை அது மீட்டராகப் படிக்குது, அதனால்தான் லேயர் எங்கோ போய் உட்காருது. பழைய சி.ஆர்.எஸ்.ஸுக்கே (இ.பி.எஸ்.ஜி. எண் 4326, டிகிரி முறை) திருப்பி வச்சுட்டு, ராஸ்டர் மெனுவில் புரொஜெக்‌ஷன்ஸ், அதில் வார்ப் (தரவையே புது முறைக்கு மாத்துற கருவி). இலக்கு இ.பி.எஸ்.ஜி. 32643, அதாவது யு.டி.எம். மண்டலம் 43 வடக்கு (நீலகிரி, கொடைக்கானல் ரெண்டும் இதில்தான்). ரீசாம்ப்ளிங் (புதுப் பிக்சலுக்கு மதிப்புப் போடுற முறை) 'பைலீனியர்' வையுங்க. 'நியரஸ்ட் நெய்பர்' விட்டால் சரிவு வரைபடத்தில் கோடுகோடாய் வரும். பிக்சல் அளவு 30. எல்லையை ஒட்டி வெட்டுறது கடைசி வேலை, முதலிலேயே வெட்டினால் ஓரத்துப் பிக்சல்களுக்குச் சரிவு கிடைக்காது.

சதவீதம், டிகிரி ரெண்டையும் குழப்பாதீங்க. 30 சதவீதம்னா 16.7 டிகிரிதான், 30 டிகிரின்னா கிட்டத்தட்ட 58 சதவீதம்.

மலைமண்:
ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். 15 டிகிரி விதியை அப்படியே வச்சால் ஜூரியில் நிக்காது, மலையிலும் நிக்காது. நீலகிரியில் சமதளமாய்த் தெரியுறதில் பெரும்பங்கு பள்ளத்தாக்கின் அடி: ஓடை, சதுப்பு, தண்ணி பரவுற இடம். ஊட்டியில் ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் காலத்து ஏரி சுருங்கி, அதன் இடத்தில்தான் பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன. உங்க வரைபடம் அந்த மாதிரி இடத்தையே 'மிகப் பொருத்தம்'னு பச்சையில் காட்டும். குன்னூரிலும் ஆறு ஊருக்குள்ளே ஓடுது. ஓடைகளையும் சதுப்பையும் முதலில் கழிச்சுட்டு, மிச்ச இடத்தில்தான் சரிவைப் பாருங்க.

அடுத்தது இந்தியத் தர விதி ஐ.எஸ். 14496 பகுதி 2 (1998). நிலச்சரிவு மண்டல வரைபடத்துக்கான வழிகாட்டி அது. மொத்தம் 10 மதிப்பெண்: பாறை வகை, பாறை அமைப்பு, சரிவு, நிலப் பயன்பாடு நாலுக்கும் தலா அதிகபட்சம் 2, உயர வித்தியாசம், நிலத்தடி நீர் ரெண்டுக்கும் தலா 1. 6-ஐத் தாண்டினால் அதிக ஆபத்து, 7.5-க்கு மேல் மிக அதிகம். சரிவுக்கு ரெண்டே மதிப்பெண், கவனிங்க. கணக்கைப் பிக்சல் பிக்சலாய்ப் போடாதீங்க. ஒரே பக்கம் பார்த்து ஏறக்குறைய ஒரே சாய்வில் இறங்குற மலைமுகத்தை ஒரு அலகாய் எடுங்க, முகடும் ஓடையும் அதுக்கு எல்லை.

30 மீட்டர் பிக்சலில் வீட்டுக்குப் பின்னால் 6 மீட்டர் செங்குத்தாய் வெட்டின மண் தெரியவே தெரியாது. ஆனால் சரியுறது பெரும்பாலும் அங்கேதான். களத்தில் தடுப்புச் சுவரைப் பாருங்க. நல்ல மழை பெய்தும் தண்ணி வடிய விட்ட ஓட்டைகள் உலர்ந்தே இருந்து, நடுவில் சுவர் தொந்தி தள்ளி, அடியில் ஈரக்கறை இருந்தால், பின்னால் தண்ணி தேங்கி நிக்குதுன்னு அர்த்தம். சுவரைத் தள்ளுறது மண்ணோட சேர்ந்து அந்தத் தண்ணி. அந்த இடத்தைக் குறிச்சு வையுங்க.

பிளான்_மூணாம்_வருஷம்:
வார்ப் பண்ணினதும் சரியாயிடுச்சு, ரொம்ப நன்றி. பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் பக்கம் முழுக்க 15-க்குள்தான் வருது, நீங்க சொன்னபடியே. ஓடைக்கு ரெண்டு பக்கமும் எத்தனை மீட்டர் விடணும்?

மலைமண்:
எல்லா இடத்துக்கும் ஒரே எண் போடாதீங்க. உயரத் தரவில் குழிகளை நிரப்பி, ஃப்ளோ அக்யுமுலேஷன் ஓட்டினால் எந்த ஓடைக்கு எவ்வளவு நிலத்துத் தண்ணி வருதுன்னு தெரியும். அதுக்கேத்த மாதிரி விடுங்க. கடைக்காரங்ககிட்ட வெள்ளம் சுவரில் எதுவரை ஏறிச்சுன்னு கேட்டு, டேப் வச்சு அளந்து, அந்த மட்டத்தோடு ஒப்பிடுங்க.

நகரமைப்பு_வாசகி:
விதிப்பக்கமும் ஒரு அடுக்கு வேணும். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் (1990-இல் வந்தது) பட்டியல் வருவாய்க் கிராமக் கணக்கில் இருக்கு, அதனால் கிராம எல்லையை மேலே போட்டால்தான் எந்த மனைக்குக் கூடுதல் அனுமதி தேவைன்னு தெரியும். கட்டட உயரம் 7 மீட்டருக்குள், சமவெளி எஃப்.எஸ்.ஐ.யை (மனைப் பரப்பில் எத்தனை மடங்கு தளப் பரப்புக் கட்டலாம்னு சொல்ற எண்) வச்சு மக்கள்தொகையை நிரப்பினால் கணக்கு இடிக்கும். தண்ணித் தேவையை மே மாதச் சுற்றுலாக் கூட்டத்துக்குப் போடுங்க. ஆண்டு சராசரியில், குன்னூருக்குத் தண்ணி தர்ற ரேலியா அணைத் தண்ணி போதும்போலத் தெரியலாம், சீசனில் போதாமல் போகும்.