டச்பேடுக்காக கெர்னல் கம்பைல் செய்தேன், இப்போது பென்டிரைவும் வரவில்லை. அவசர உதவி!

ஆற்றங்கரை_21 (இரவு 11:40)
புது லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன், டச்பேட் அசையவே இல்லை. புது கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) போட்டால் சரியாகும் என்று படித்துவிட்டு 6.6 பதிப்பின் சோர்ஸை (மூல நிரலை) இறக்கி கம்பைல் செய்தேன். எர்ரர் எதுவும் வரவில்லை, பூட்டும் ஆகிறது. ஆனால் டச்பேட் அப்படியேதான் கிடக்கிறது. இப்போது பென்டிரைவைச் செருகினால் விளக்கு மட்டும் எரிகிறது, ஃபைல் மேனேஜரில் எதுவும் வருவதில்லை. நாளை காலை பிராஜெக்ட் ரிவ்யூ. ரிப்போர்ட் பென்டிரைவில்தான் இருக்கிறது. யாராவது சொல்லுங்களேன்.

நிலவன்
எந்த டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு மாதிரி எந்த லினக்ஸ் வகை)? இன்டெலா, ஏஎம்டியா? கெர்னலில் எதெதைச் சேர்ப்பது என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பை எங்கிருந்து எடுத்தீர்கள்?

மேசைவிளக்கு
கையொப்பமில்லாத கெர்னலை பூட் ஆக விடாத செக்யூர் பூட்தான் காரணம். நான் பார்த்த பத்தில் எட்டு கேஸ் அதுதான். பயாஸுக்குள் போய் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

நிலவன்
செக்யூர் பூட் தடுத்திருந்தால் கையொப்பமில்லாத கெர்னல் பூட்டே ஆகியிருக்காது, "பேட் ஷிம் சிக்னேச்சர்" என்று கிரப்பிலேயே (கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் பூட் மெனு) நின்றிருக்கும். இவருக்கு உள்ளே வரை வந்திருக்கிறதே.

கரிசல்
ஃபர்ம்வேர் (சாதனங்களுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) இருக்கிறதா பாருங்கள். நான்-ஃப்ரீ ஃபர்ம்வேர் இல்லாமல் புது லேப்டாப்பில் ஒன்றும் ஓடாது.

பழைய_டெபியன்
தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. டிஸ்ட்ரோ பெயர் இல்லை, கெர்னல் பதிப்பைக் காட்டும் யூநேம் வெளியீடு இல்லை, கெர்னலின் லாகைக் காட்டும் டிமெசேஜ் இல்லை. இதே இடத்தில் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். கெர்னலில் கை வைப்பதற்கு முன்னால் லாக் படிக்கப் பழக வேண்டும்.

செண்பகம்
அண்ணா, காலையில் ரிவ்யூ இருக்கிற பிள்ளையிடம் இப்போது அது வேண்டாமே. ஆற்றங்கரை, முதலில் ரிப்போர்ட்டை எடுங்கள். ரீபூட் செய்து, கிரப்பில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் பென்டிரைவ் வரும். அப்புறம் நிதானமாக மற்றதைப் பார்க்கலாம்.

ஆற்றங்கரை_21 (நள்ளிரவு 12:25)
வந்துவிட்டது! ரிப்போர்ட்டை காப்பி செய்துவிட்டேன். மன்னிக்கவும், டெபியன் 12, இன்டெல் ஐ5. பழைய கெர்னல் 6.1. கான்ஃபிக்குக்கு மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்தேன், சீக்கிரம் முடியும் என்று போட்டிருந்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் என்டர் தட்டினேன். புது கெர்னலில் டிமெசேஜ் "நியூ யூஎஸ்பி டிவைஸ் ஃபவுண்ட்" வரை வந்தது, அதற்கு மேல் பென்டிரைவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

செண்பகம்
அங்கேதான் விஷயம். லோக்கல்மாட்கான்ஃபிக் எல்எஸ்மாட் பட்டியலைப் பார்த்து, அந்த நிமிடம் லோட் ஆகியிருக்கிற மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் டிரைவர் போன்ற துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களைக் கழித்துவிடும். நீங்கள் கொடுத்தபோது பென்டிரைவ் செருகியிருக்கவில்லை, அதனால் பென்டிரைவுக்கு வேண்டிய யூஎஸ்பி-ஸ்டோரேஜ் மாட்யூல் போயிற்று. டச்பேடுக்கும் அதே கதைதான். இப்போதைய டச்பேடுகள் பெரும்பாலும் ஐ2சி என்ற இணைப்பு வழியாக வருபவை, அவற்றுக்கு ஐ2சி-ஹெச்ஐடி மாட்யூல் வேண்டும். பழைய கெர்னலில் டச்பேட் தெரியவே இல்லை என்றால் அந்த மாட்யூல் லோட் ஆகியிருக்காது. லோட் ஆகாதது பட்டியலில் எப்படி வரும்? எதற்காக கம்பைல் செய்தீர்களோ அதையே வெட்டிவிட்டீர்கள்.

செய்ய வேண்டியது: /பூட் அடைவில் கான்ஃபிக்-6.1 என்று தொடங்கும் கோப்பை சோர்ஸ் அடைவுக்குள் .கான்ஃபிக் என்ற பெயரில் காப்பி செய்யுங்கள். அப்புறம் மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் கொடுங்கள், புதிய கேள்விகளுக்கு இயல்பு மதிப்பை அதுவே போட்டுக்கொள்ளும். சான்றிதழ் கோப்பு இல்லை என்று பாதியில் நின்றால் .கான்ஃபிக்கில் சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் வரியைக் காலியாக்குங்கள். டீபக் இன்ஃபோவை (பிழை தேடுவோருக்கான கூடுதல் தகவல்) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க்கில் பல ஜிபியைத் தின்றுவிடும். கடைசியில் மேக் பின்டெப்-பிகேஜி. டெபியன் பேக்கேஜான டெப் கோப்பாக வந்துவிடும், பிடிக்காவிட்டால் பேக்கேஜ் மேலாளரான ஆப்ட் வழியே கழற்றிவிடலாம்.

கரிசல், டெபியன் 12-ன் இன்ஸ்டாலரிலேயே நான்-ஃப்ரீ ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது. 2023 ஜூனிலிருந்து அப்படித்தான்.

பழைய_டெபியன்
இவ்வளவும் எதற்கு? புக்வார்ம் (டெபியன் 12) பேக்போர்ட்ஸை, அதாவது புதுப் பதிப்புகள் தரும் கூடுதல் களஞ்சியத்தை, சேர்த்து லினக்ஸ்-இமேஜ் பேக்கேஜைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் 6.12 வந்துவிடும். அப்டேட்டும் ஆப்ட் வழியே வரும். கையால் கட்டிய கெர்னலுக்கு யார் அப்டேட் தருவார்கள்?

நிலவன்
அது சரிதான். ஆனால் கட்டிப் பார்த்தால்தானே உள்ளே என்ன இருக்கிறது என்று புரியும்? நீங்களும் அப்படித்தானே கற்றுக்கொண்டிருப்பீர்கள்?

பழைய_டெபியன்
2001-ல் 2.4 கெர்னல் வந்தபோது எங்களுக்கு வேறு வழி இல்லை. சவுண்டு கார்டு பேச வேண்டுமென்றால் ராத்திரி மேக் கொடுத்துவிட்டுப் படுப்போம். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் ஒரு எர்ரரில் நின்றிருக்கும், மறுபடி முதலிலிருந்து. அந்தப் பாடு இன்னொருவர் படக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மேசைவிளக்கு
இப்போது எட்டு கோரில் ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடுகிறதே.

செண்பகம்
டிஸ்ட்ரோவின் முழு கான்ஃபிக்கில் முடியாது. நாலாயிரத்துக்கு மேல் மாட்யூல்கள். இரண்டு டீயாவது ஆகும் 🙂 லோக்கல்மாட்கான்ஃபிக்தான் வேண்டுமென்றால் எல்எம்சி_கீப் என்று ஒரு வழி இருக்கிறது, டிரைவர்ஸ்/யூஎஸ்பி போன்ற அடைவுகளை அதில் கொடுத்தால் வெட்டாமல் விட்டுவிடும்.

நிலவன்
இது எனக்கே தெரியாது. நன்றி செண்பகம்.

ஆற்றங்கரை_21 (மறுநாள் மாலை 6:10)
ரிவ்யூ முடிந்தது. /பூட்டில் இருந்த கான்ஃபிக்கை வைத்து 6.6-ஐ மறுபடி கட்டினேன். டச்பேட் ஓடுகிறது, இரண்டு விரல் ஸ்க்ரோல்கூட வருகிறது. பென்டிரைவும் சரி. எல்லோருக்கும் நன்றி.

பழைய_டெபியன்
நல்லது தம்பி. லேப்டாப் மாடலையும், வன்பொருளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ வெளியீட்டையும் இங்கே போட்டு வையுங்கள், இதே மாடல் வாங்கியவர் தேடி வருவார்.

நிலவன் (எட்டு நாள் கழித்து)
ஆற்றங்கரை, மாடல் என்ன?