பழைய லீஃப் ஸ்பிரிங் வண்டி, 33 இன்ச் டயர் ஆசை: எதுல இருந்து ஆரம்பிக்கறது?

புழுதிப்பய:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு பழைய லாடர் ஃபிரேம் (ஏணி மாதிரி சேஸி) வண்டி கைக்கு வந்திருக்கு, முன்னாடி பின்னாடி ரெண்டுமே சாலிட் ஆக்சில் (ரெண்டு பக்க வீலையும் சேத்து புடிக்கற ஒரே தண்டு), நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ், லோ ரேஞ்ச் (மெதுவா, அதிக இழுவையோட போற கியர்) நல்லா விழுது. டிஃபரன்ஷியல் (சுருக்கமா டிஃப், ரெண்டு பக்க வீலுக்கும் இழுவையை பிரிச்சு தர்ற கியர்) ரெண்டும் ஓபன், ரெண்டு வீலையும் ஒண்ணா பூட்டற லாக்கர் கீக்கர் ஒண்ணும் கிடையாது. இப்ப இருக்கற டயர் 29 இன்ச், ஃபைனல் டிரைவ் (டிஃப்ல இருக்கற கியர் ரேஷியோ) 4.10. ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் எதுவும் இல்ல, அதுக்காகத்தான் வாங்குனேன்னு கூட வச்சுக்கோங்க.

ஆசை என்னன்னா 33 இன்ச் மட் டயர், நாலு இன்ச் லிஃப்ட், ஸ்டீல் பம்பர், வின்ச் (கயிறை சுருட்டி வண்டியை இழுக்கற மோட்டார்), மேல ரூஃப் ரேக், ஸ்நார்க்கல் (இன்ஜினுக்கு காத்தை உயரத்துல இருந்து எடுக்கற குழாய்). வீடியோ பாக்க பாக்க லிஸ்ட் நீண்டுக்கிட்டே போகுது, காசு அந்த வேகத்துல வர மாட்டேங்குது. தெரிஞ்ச வெல்டர் ஒருத்தர் ஸ்பிரிங் ஓவர் பண்ணிக்கலாம், செலவு கம்மி, நல்லா தூக்கும்ங்கறாரு. நான் போகப்போறது கல்லு, சேறு, சின்ன சின்ன ஓடை, ஆனா வார நாள்ல இதே வண்டிலதான் வேலைக்கும் போயாகணும். முதல்ல எதை பண்றது, எதை பண்ணவே வேணாம்?

லோ_ரேஞ்ச்:
வாங்க ப்ரோ. முதல்ல அந்த லிஸ்ட்டை மடிச்சு உள்ள வைங்க. இப்ப இருக்கற வண்டி எங்க நின்னுச்சுன்னு தெரியாம என்ன வாங்குனாலும் குத்துமதிப்புதான். அடியில தட்டி நின்னுச்சா, வீல் சும்மா சுத்தி நின்னுச்சா, இல்ல மூக்கு மேட்டுல இடிச்சு நின்னுச்சா, மூணுக்கும் மருந்து வேற வேற.

லிஃப்ட்ட பத்தி நிறைய பேருக்கு ஒரு குழப்பம் இருக்கு. சாலிட் ஆக்சில் வண்டில நாலு இன்ச் இல்ல பத்து இன்ச் தூக்குனாலும் டிஃபரன்ஷியல் உருண்டை இருக்கற உயரம் ஒரு நூல் கூட மாறாது, ஏன்னா அது ஆக்சில்ல இருக்கு, ஆக்சில் டயர் மேல நிக்குது. தூக்கறது பாடியும் சேஸியும் மட்டும்தான். அப்ரோச், டிபார்ச்சர், பிரேக்ஓவர் ஆங்கிள் (மூக்கு, பின்பக்கம், நடு வயிறு தட்டாம ஏறி இறங்கற கோணம்) கூடும், பெரிய டயர் வீல் ஆர்ச்சுல உரசாம இருக்கும், அவ்ளோதான் லிஃப்ட்டோட வேலை. டிஃபை தூக்கணும்னா டயர் ஒண்ணுதான் வழி, அதுலயும் பாதிதான் கிடைக்கும். 29ல இருந்து 33 போனா நாலு இன்ச் விட்டம் கூடுது, தரையில இருந்து டிஃபுக்கு வர்றது ரெண்டு இன்ச். அந்த ரெண்டு இன்ச்சுக்கு என்னெல்லாம் மாத்தணும்னு கிரீஸ்கை அண்ணன் வந்து சொல்லுவாரு பாருங்க, அதை கேட்டுட்டு அப்புறம் ஆசைப்படுங்க :)

இன்னைக்கே பண்ற வேலை ஒண்ணு இருக்கு, செலவே இல்ல. காத்தை இறக்குங்க. ரோட்டுல 32 பிஎஸ்ஐ வச்சு ஓட்டுறீங்கன்னா கல்லு, மண்ணுக்கு 18 - 20க்கு கொண்டு வாங்க. டயர் பக்கவாட்டுல கொஞ்சம் பிதுங்கறது கண்ணுக்கு தெரியும், ஆனா தரையை புடிக்கற பட்டை அகலத்தை விட நீளத்துலதான் அதிகமா கூடுது, கிரிப் அதுலதான் வருது. கல்லு மேல டயர் குதிக்காம அது மேலயே படிஞ்சு ஏறும். மணலுக்கு 15 வரை போகலாம், அதுக்கும் கீழ போயி பீட்லாக் (டயரை ரிம்மோட இறுக்கி புடிக்கற வளையம்) இல்லாம ஸ்டியரிங்கை வெடுக்குனு ஒடிச்சீங்கன்னா டயர் ரிம்ம விட்டு கழண்டு வந்துரும். தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி காத்து திரும்ப அடிச்சே ஆகணும், கம்மி காத்துல வேகமா போனா சைட்வால் சூடாகி பிஞ்சு போயிரும். அதனால முதல் செலவு ஒரு நல்ல கேஜ், ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர்.

கிரீஸ்கை:
பேரை இழுத்துட்டான், வந்துதானே ஆகணும்.

தம்பி, கணக்கு சொல்றேன். 29 டயருக்கு 4.10 கியர் சரியா இருந்துச்சுன்னா 33 போட்டதும் அதே இழுவைக்கு 4.67 கிட்ட வேணும், அதாவது கடையில கிடைக்கற 4.56 இல்ல 4.88 போடணும். முன்னாடியும் பின்னாடியும் ஒரே ரேஷியோவா மாத்தணும், பின்னாடி மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டீங்கன்னா டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு இழுவையை பிரிச்சு அனுப்பற பெட்டி) கதறும். மாத்தாம விட்டா என்ன ஆகும்? ஓடும். கிளச் பாதி புடிச்சு பாதி விட்டு ஏறிட்டு இருப்பீங்க, மேட்டுல லோ ஃபர்ஸ்ட்லயே மூச்சு வாங்கும், இறக்கத்துல இன்ஜின் பிரேக் பத்தாம கால் பிரேக்க தேடும். ஆஃப்ரோடுல மெதுவா போறதுதான் வித்தையே, பெரிய டயர் அந்த மெதுவை உங்ககிட்ட இருந்து புடுங்கிக்குது. ஜீப் ரேங்லர்ல சாதா மாடலுக்கு லோ ரேஞ்ச் 2.72, ரூபிகானுக்கு 4க்கு 1, கம்பெனிக்காரனே தனியா ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் குடுத்திருக்கான்னா சும்மாவா. இன்னொண்ணு, ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நீங்க 91ல போயிட்டு இருப்பீங்க. பிரேக்கும் அதே பழைய பிரேக்தான், டயரோட எடை மட்டும் ஏறிருக்கும்.

இப்ப அந்த வெல்டர் மேட்டர். ஸ்பிரிங் ஓவர்னா ஸ்பிரிங்க்கு மேல உக்காந்திருக்கற ஆக்சிலை ஸ்பிரிங்க்கு கீழ கொண்டு போறது. ஆமா, ஆக்சில் குழாயோட கனமும் ஸ்பிரிங் கட்டோட கனமும் சேர்ந்து ஒரேயடியா தூக்கும், செலவும் கம்மிதான். ஆனா டார்க் வரும்போது ஆக்சில் ஸ்பிரிங்கை முறுக்கும், ஸ்பிரிங் எஸ் மாதிரி வளையும், விட்டதும் பட்டுனு திரும்பும், அந்த உதறல்ல யுனிவர்சல் ஜாயின்ட் போகும். டிராக்‌ஷன் பார் (ஆக்சில் முறுக்காம புடிச்சு வைக்கற கம்பி) வைக்காம விட்டா கண்டிப்பா அனுபவிப்பீங்க. ஸ்டியரிங் ராடு படுக்கையா இருந்தது சாஞ்சு நிக்கும், பள்ளத்துல இறங்கறப்பல்லாம் வண்டி தானா ஒரு பக்கம் ஓடும். பிரேக் ஹோஸ் நீளம் பத்தாது, புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆங்கிள் கூடும், ஸ்பிரிங் பேட வெட்டி பினியன் ஆங்கிள் (டிஃப்ல ஷாஃப்ட் வந்து சேர்ற கோணம்) பாத்து திரும்ப வெல்ட் பண்ணணும். இதெல்லாம் சேத்து பண்ற ஆளு கிடைச்சா அருமையான மாடிஃபிகேஷன், நான் வேணாங்கல. ஆனா தினமும் வேலைக்கு போற வண்டில, மொத வேலையா இதை பண்ணாதீங்க.

நீள ஷாக்கிள் (ஸ்பிரிங் நுனியை சேஸியில மாட்டற இணைப்பு) போட்டு தூக்குறதும் ஒரு வழி, ரெண்டு இன்ச் நீள ஷாக்கிளுக்கு ஒரு இன்ச் தான் கிடைக்கும். உங்க வண்டில முன் ஸ்பிரிங்கோட ஷாக்கிள் முன்பக்கமா இருந்தா தூக்க தூக்க காஸ்டர் (முன் வீல் திரும்பற அச்சு பின்னாடி சாஞ்சிருக்கற கோணம்) குறையும், நேர் ரோட்டுல ஸ்டியரிங் நிலைக்காம அலையும். குனிஞ்சு ஒரு தடவை பாத்துருங்க.

என்கிட்ட கேட்டா 31 டயர், ஒண்ணரை ரெண்டு இன்ச் நல்ல ஸ்பிரிங் செட், அதுக்கு ஏத்த நீளத்துல ஷாக்ஸ். கியர் மாத்தாம சமாளிச்சுரலாம். அதுக்கும் முன்னாடி சேஸியை ஒரு சுத்தியல் எடுத்து வரிசையா தட்டிட்டே வாங்க, முக்கியமா ஸ்பிரிங் ஹேங்கர் பக்கம், கிராஸ்மெம்பர் சேர்ற இடம். கணீர்னு கேக்கணும். சத்துனு கேட்டா உள்ள துரு, டயர் காசை எடுத்து அங்க போடுங்க.

மேடுபள்ளம்:
கிரீஸ்கை சொன்னது எல்லாம் சரி, ஆனா டயருக்கு அடுத்து ஸ்பிரிங்ங்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. இவரு போறது கல்லு. ஓபன் டிஃப் ரெண்டும். ஃபோர் வீல் போட்டாலும் குறுக்கால ரெண்டு டயர், முன் இடதும் பின் வலதும், லேசா காத்துல தொங்குனா போதும், வண்டி நிக்கும், தொங்கறது மட்டும் சுத்திட்டு இருக்கும். ஓபன் டிஃப் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு டார்க்தான் தரும், தொங்கற வீலுக்கு தேவை ஏறக்குறைய சைபர்னா கிரிப் இருக்கற வீலுக்கும் சைபர்தான். நாலு இன்ச் தூக்கி என்ன பிரயோஜனம்? பின்னாடி ஒரு லாக்கர் போட்டா 29 டயர்லயே இப்ப ஏறாத பாதி இடம் ஏறும்.

முன்னாடி இல்ல, பின்னாடி. ஏறும்போது எடை பின்னாடி சாயுது, கிரிப் அங்கதான். முன் லாக்கர் போட்டுட்டு ஸ்டியரிங் ஒடிச்சு வச்சு ஆக்சிலேட்டர் மிதிச்சா ஜாயின்ட் உடையற சத்தம்தான் கேக்கும். தினமும் ரோட்டுல ஓட்டறதால ஆட்டோ லாக்கர் வேணாம், திருப்பத்துல டக்கு டக்குனு அடிக்கும், ஈர ரோட்டுல பின்பக்கம் விலகும். சுவிட்ச் போட்டா புடிக்கற ஏர் லாக்கரோ எலக்ட்ரிக்கோ பாருங்க, ஏர் லாக்கருக்கு வாங்கற கம்ப்ரசரே டயருக்கும் காத்து அடிச்சுரும். ஒரு எச்சரிக்கை, பக்கவாட்டு சரிவுல லாக்கரை ஆஃப் பண்ணிருங்க. ஓபன் டிஃப்ல ஒரு வீல் சுத்துனாலும் இன்னொண்ணு புடிச்சு நிக்கும், லாக் பண்ணா ரெண்டும் சேந்து சுத்தி பின்பக்கம் அப்படியே கீழ வழுக்கும்.

கிரீஸ்கை:
மேடுபள்ளம், லாக்கருக்கு டிஃபை பிரிக்கணும்ல, கியரும் மாத்தறதா இருந்தா அப்பவே சேத்து மாத்தறதுதானே புத்தி? ஒரு தடவை ஷிம் (மெல்லிசு தகடு) வச்சு பேக்லாஷ் (கியர் பல்லுக்கு நடுவுல இருக்கற இடைவெளி) செட் பண்ற கூலியாவது மிச்சம். அதனாலதான் டயர் சைஸை முதல்ல முடிவு பண்ணுங்கறேன். அதுக்கு அப்புறம்தான் கியர், லாக்கர் எல்லாம்.

மேடுபள்ளம்:
அப்ப அவரு 31ல நின்னுட்டா கியர் மாத்த வேணாம், லாக்கர் நேரா போட்டுரலாம். ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் வந்து நிக்கறோம் போல :D

புழுதிப்பய:
அப்பாடா, எவ்ளோ விஷயம். 33ஐ மறந்துட்டேன், 31தான். வின்ச் இப்ப தேவையா? தனியா போறதா இல்ல, ஃப்ரெண்ட் வண்டி ஒண்ணு கூட வரும். அவன் கிட்ட சாதா டோயிங் பெல்ட் இருக்கு, பின்னாடி டோ பால் இருக்கு, அதுல மாட்டி இழுத்துக்கலாம்ங்கறான்.

மேடுபள்ளம்:
டோ பால்ல மாட்டவே மாட்டாதீங்க. மாட்டவே மாட்டாதீங்க. டிரெய்லர் இழுக்கறதுக்கு செஞ்சது அது, ஜெர்க் தாங்காது, கழுத்துல ஒடிஞ்சு குண்டு மாதிரி பறக்கும். இதுல உயிரே போயிருக்கு. சேஸியில நேரா போல்ட் பண்ண, லோடு ரேட்டிங் உள்ள ரெக்கவரி பாயின்ட் முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் வேணும், வின்ச்சுக்கு முன்னாடி அதை வைங்க. வண்டியை கட்டி ஏத்திட்டு போறதுக்குன்னு கம்பெனிக்காரன் குடுத்திருக்கற மெல்லிசு வளையமும் ஆகாது.

சாதா பெல்ட் நீளாது, அதை வச்சு ஓடி வந்து இழுத்தா மொத்த அதிர்ச்சியும் சேஸிக்கு போகும். மெதுவா இறுக்கி இழுக்கறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க. ஓடி வந்து இழுக்க கைனெட்டிக் ரோப் தனியா இருக்கு, 30 சதவீதம் கிட்ட நீண்டு, சேத்து வச்ச விசையில வண்டியை உருவி எடுக்கும். சாஃப்ட் ஷாக்கிள் (கயிறை மாட்டற நார் வளையம், ஸ்பிரிங் ஷாக்கிள் இல்ல) ரெண்டு சேத்து வாங்கிருங்க, இரும்பு ஷாக்கிள் பறந்தா என்ன ஆகும்னு சொல்ல தேவையில்ல. இழுக்கும்போது சுத்தி வேடிக்கை பாக்கற கூட்டம் கயிறோட நீளத்தை விட தூரமா நிக்கணும், அதோட சிக்னல் குடுக்கறது ஒரே ஒரு ஆளுதான். நாலு பேரு நாலு பக்கம் கத்துனா டிரைவர் எதை கேப்பான்?

ஒரு மண்வெட்டியும் வைங்க. டயருக்கு முன்னாடி இருக்கற மண்ணை ரெண்டு நிமிஷம் அள்ளி போட்டா பாதி நேரம் இழுக்கவே வேண்டியிருக்காது, ஆனா யாரும் கீழ இறங்க மாட்டேங்கறாங்க.

வின்ச் பின்னாடி வாங்கறப்ப முழு லோடோட வண்டி எடைக்கு ஒண்ணரை மடங்காவது இருக்கற மாதிரி பாருங்க. டப்பால போட்டிருக்கற அந்த இழுவை, டிரம்ல கயிறு அடி அடுக்கு மட்டும் மிச்சம் இருக்கறப்ப கிடைக்கறது, மேல மேல சுத்தி இருந்தா குறைஞ்சுரும். அதோட வின்ச்சும் ஸ்டீல் பம்பரும் சேந்தா மூக்கு தாழும், அப்ப முன் ஸ்பிரிங் திரும்ப மாத்தணும். அதனால வின்ச் எப்பவாவது வரும்னா ஸ்பிரிங் வாங்கும்போதே அந்த எடையை கணக்குல சொல்லி வாங்குங்க. ரூஃப் ரேக்கை மட்டும் அடிச்சு விட்ருங்க, சரிவுல தலைக்கனம் வண்டிக்கு ஆகாது.

ஓடைத்தண்ணி:
ஸ்நார்க்கலை பத்தி யாரும் பேசல. ஸ்நார்க்கல் இன்ஜின் மூக்குக்கு மட்டும்தான், அதுவும் ஏர் பாக்ஸ் வரைக்கும் எல்லா ஜாயின்ட்டும் சீல் ஆயிருந்தாதான், இல்லாட்டி அது அலங்காரம். சின்ன ஓடைக்கு அதுக்கு முன்னாடி பிரீதரை (டிஃப், கியர்பாக்ஸ் எல்லாம் மூச்சு விடற சின்ன ஓட்டை) பாருங்க. ஓடி சூடான டிஃப் சில்லுன்னு தண்ணிக்குள்ள இறங்கறப்ப உள்ள இருக்கற காத்து சுருங்கும், பிரீதர் தண்ணிக்குள்ள இருந்தா அது வழியாவே தண்ணியை உள்ள இழுக்கும், அடைச்சிருந்தா சீல் வழியா இழுக்கும். ரெண்டு டிஃப், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாத்துக்கும் ட்யூப் மாட்டி பானட்டுக்குள்ள மேல கொண்டு வாங்க, விலைன்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. ஆழமா இறங்கி வந்த அன்னைக்கு டிஃப் ஆயில் போல்ட்டை லேசா தளர்த்தி பாருங்க, பால் கலந்த மாதிரி வந்தா உடனே மாத்திரணும். தண்ணில இன்ஜின் நின்னுருச்சுன்னா ஸ்டார்ட் அடிக்காதீங்க, சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடு வளையும்.

புழுதிப்பய:
செம. அப்ப இப்போதைக்கு கேஜ், கம்ப்ரசர், ரெக்கவரி பாயின்ட், ரோப், பிரீதர் ட்யூப். இந்த ஞாயித்துக்கிழமை சுத்தியல். அப்புறம் 31 டயரும் ஸ்பிரிங்கும், பின் லாக்கர் காசு சேந்தப்புறம். ஸ்பிரிங் நானே மாட்டலாம்னு இருக்கேன், ஏதாவது பாத்துக்கணுமா?

கிரீஸ்கை:
மாட்டலாம், பெரிய வித்தை இல்ல. சேஸிக்கு ஸ்டாண்டு குடுத்துட்டுதான் கீழ போகணும், ஜாக்கியை நம்பி இல்ல. ஆக்சிலையும் ஸ்பிரிங்கையும் சேத்து கட்டற பழைய யூ போல்ட்டை திரும்ப போடாதீங்க, ஒரு தடவை இறுக்குனா நீண்டு போயிருக்கும், புதுசு வாங்குங்க. ஸ்பிரிங் கண்ணுலயும் ஷாக்கிள்லயும் இருக்கற போல்ட்டை வண்டி தொங்கும்போது முழுசா இறுக்காதீங்க, தரையில இறக்கி எடை விழுந்த பிறகு இறுக்குங்க, இல்லாட்டி ரப்பர் புஷ் முறுக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழியும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து யூ போல்ட் எல்லாத்தையும் டார்க் ரெஞ்சு வச்சு திரும்ப ஒரு சுத்து பாத்துருங்க. ஆமா, முன் ஷாக்கிள் எந்த பக்கம் இருக்குன்னு பாத்தீங்களா இல்லையா?