முன்சுமை, பின்பொருத்தல்: இரண்டையும் மாற்றக் கோரிக்கை

வணக்கம் நண்பர்களே,

பழைய மோட்டார் சைக்கிளில் புதிய மாடலின் ஃபோர்க்கையும் (முன்சக்கரத்தைத் தாங்கும் சுருள்வில் கால்கள்) ஷாக்கையும் (பின்பக்க அதிர்வுதாங்கி) மாட்டுவது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். அதற்காகப் போன வாரம் இந்தக் கலைச்சொல் விவாத இழையில் முடிவான இரண்டு சொற்களையும் திரும்பப் பெற வேண்டுகிறேன். ப்ரீலோடுக்கு (சுருள்வில்லை முதலிலேயே சற்றுச் சுருக்கி வைப்பது) ‘முன்சுமை’, ரெட்ரோஃபிட்டுக்குப் (பழைய வண்டியில் புதிய உறுப்பை மாட்டுவது) ‘பின்பொருத்தல்’. இரண்டுக்கும் ஆதரவு சொன்னவர்களில் நானும் ஒருவன். திரையில் படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தன. வண்டிப் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் கோளாறு தெரிந்தது.

வரைவை ஒரு நண்பரிடம் கொடுத்து, அதை மட்டும் பார்த்து அவர் வண்டியைச் சரிசெய்யச் சொன்னேன். “பின்ஷாக்கின் முன்சுமையை ஒரு படி கூட்டவும்” என்று அதில் ஒரு வரி. இரண்டு தடவை படித்தார். அப்புறம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய் ஃபோர்க் மூடியில் வைத்தார். வண்டியின் எடை சுருள்வில் மேல் இருக்கும்போது அந்த மூடியைக் கழற்றினால், மூடி முகத்துக்கு நேரே தெறிக்கும், வண்டியும் முன்னால் சரியும். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “முன்சுமைன்னு போட்டிருக்கே?” என்றார். அவர் மேல் தப்பே இல்லை.

தமிழில் முன், பின் இரண்டும் காலத்துக்கும் வரும், இடத்துக்கும் வரும். முன்பதிவு, முன்பணம் என்றால் காலம். முன்வாசல் என்றால் இடம். மற்ற இடங்களில் எது எது என்று தடுமாறாமல் புரிந்துவிடும். மோட்டார் சைக்கிளில் அப்படி இல்லை. முன்சக்கரம், பின்சக்கரம், முன்பிரேக், பின்பிரேக் என்று பாதி உறுப்புகளுக்குப் பேரே அப்படித்தான். அந்தக் கூட்டத்துக்குள் போய் நிற்கும் எந்த ‘முன்’னும் முன்பக்கமாகத்தான் காதில் விழும். “முன்ஃபோர்க்கைப் பின்பொருத்தினேன்” என்று ஒரு வாக்கியம் என் வரைவிலேயே இருக்கிறது. எழுதியவனுக்கே இப்போது அதைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஆகவே இந்தத் துறையில் காலத்தைக் குறிக்க முன், பின் வேண்டாம் என்பது என் முதல் கோரிக்கை.

முன்சுமையில் ‘சுமை’யும் எனக்கு உறுத்துகிறது. யாரும் எந்தச் சுமையையும் ஏற்றுவதில்லை. ஆள் ஏறுவதற்கு முன்பே, சுருள்வில்லை அதன் இயல்பு நீளத்திலிருந்து சில மில்லிமீட்டர் சுருக்கி, அந்த இடத்தில் பூட்டி வைக்கிறோம். அவ்வளவுதான். ‘ஷாக்கை டைட் வைப்பது’ என்று சொல்லிப் பழகிவிட்டதால் சுருள்வில்லே விறைத்துவிடுவதாகப் பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு ஃபோர்க் காலில் உள்ள சுருள்வில்லை 1 மி.மீ. அமுக்க 8 நியூட்டன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கால் தாங்கும் எடை 320 நியூட்டன். முதலில் சுருக்கி வைக்காவிட்டால் ஃபோர்க் 40 மி.மீ. இறங்கும். 10 மி.மீ. சுருக்கி வைத்திருந்தால் 30 மி.மீ. இறங்கும். 20 வைத்திருந்தால் 20. சுருள்வில்லின் மொத்தச் சுருக்கம் மூன்றிலும் அதே 40 மி.மீ. அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே 8 நியூட்டன். மாறியது வண்டி நிற்கும் உயரம், விறைப்பு அல்ல. அதனால்தான் இங்கே ஒருவர் சொன்ன ‘முன்னிறுக்கம்’ சொல்லையும் ஏற்க முடியவில்லை. அந்தத் தப்பான நம்பிக்கையை அது சொல்லுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடும். ‘அமுக்கம்’ என்று முடியும் சொல்லை இலங்கை வாசகர்கள் அழுத்தம் என்றே படிப்பார்கள். அவர்கள் பாடநூலில் அதுதான் பொருள்.

நான் முன்வைப்பது வைப்புச் சுருக்கம். “எத்தனை மி.மீ. சுருக்கி வச்சிருக்கீங்க?” என்றுதான் வாய் தானாகக் கேட்கிறது. அந்த வினையிலிருந்து வந்த சொல் இது. வைப்புத்தொகையில் இருக்கும் வைப்பும் பொருந்தி வருகிறது: போட்டு வைத்தது, எடுக்கும் வரை அங்கேயே இருப்பது. “பின்ஷாக்கின் வைப்புச் சுருக்கத்தைக் கூட்டவும்” என்றால் யாரும் முன்பக்கம் போகமாட்டார்கள்.

அடுத்தது ரெட்ரோஃபிட். இதற்கு ஒட்டுக்கட்டு. செடிக்கு ஒட்டுக் கட்டும்போது வேர் ஒன்றினுடையது, மேலே வளரும் தண்டு வேறொன்றினுடையது. இரண்டும் சேரும் வெட்டு சரியாக அமைந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும். ஃபோர்க் மாற்றுவதும் அச்சு அசலாக இதுதான். சிக்கல் புதிய ஃபோர்க்கிலும் இல்லை, பழைய சட்டத்திலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது. புதிய ட்ரிபிள் கிளாம்பின் (ஃபோர்க் கால் இரண்டையும் பிடித்து நிற்கும் தாங்கி) தண்டு பழைய சட்டத்துக்கு நீளமாகவோ குட்டையாகவோ இருக்கும். விட்டமும் பெரும்பாலும் ஒத்துவராது. ஒன்று, பழைய தண்டை அழுத்தி எடுத்துப் புதிய கிளாம்பில் ஏற்ற வேண்டும். இல்லையேல், வெளிவளையம் பழைய சட்டத்துக்கும் உள்வளையம் புதிய தண்டுக்கும் பொருந்துகிற கோன் செட்டை (தண்டு திரும்ப உதவும் பேரிங்) தேட வேண்டும். வெர்னியரோடு உட்கார்ந்து அளந்தவர்களுக்கு இந்த உவமை வெறும் அலங்காரமாகத் தோன்றாது.

ஒட்டு என்றால் ‘ஒட்டுப் போட்டது’ என்ற இளக்காரம் வருமே என்று ஒருவர் கேட்டார். ‘ஒட்டு’ தனியாக நின்றால் வரும். ‘ஒட்டுக்கட்டு’ என்றால் தோட்ட வேலைதான் நினைவுக்கு வருகிறது. அதில் இளக்காரம் இல்லை, கைப்பக்குவம்தான் இருக்கிறது. கூடவே இன்னொரு வசதி: ஃபோர்க்கைத் தரும் வண்டியைக் கொடைவண்டி என்றும், வாங்கும் வண்டியை வேர்வண்டி என்றும் சொல்லிவிடலாம். “கொடைவண்டியின் சக்கரம், அச்சு, பிரேக் காலிப்பர் மூன்றையும் சேர்த்தே எடுங்கள்” என்று எழுதும்போது வாக்கியம் எவ்வளவு இலகுவாகிறது பாருங்கள்.

இனி டேம்பிங், அதாவது சுருள்வில்லின் ஆட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்குவது. தமிழ்நாட்டுப் பாடநூல் damped என்பதைத் ‘தடையுறு’ என்கிறது. அது அலைவுக்கு அடைமொழியாகப் பொருந்தும், திருகிக் கூட்டிக் குறைக்கும் ஒன்றுக்குப் பேராகாது. ‘தணிப்பு’ போதும். அமுங்கும்போது நடப்பது அமுங்குதணிப்பு, திரும்பி எழும்போது நடப்பது மீள்தணிப்பு. இந்த ஒட்டுக்கட்டை ஏன் செய்கிறோம் என்பதையும் இதை வைத்தே விளக்கிவிடலாம். பழைய ஃபோர்க்கில் எண்ணெய் மாறாத அளவுள்ள துளைகள் வழியாகப் போகிறது. ஃபோர்க் அமுங்கும் வேகம் இரட்டிப்பானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அதனால் மெல்ல அமுங்கும்போது தடை போதாமல், பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு குத்துகிறது; வேகமாக அமுங்கும்போது தடை மிஞ்சி, கூரிய பள்ளத்தில் விழுந்தால் மணிக்கட்டு வலிக்கிறது. புதிய கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கில் மெல்லிய தகடுகளின் அடுக்கு வளைந்து வழிவிடுகிறது. வேகம் கூடக் கூட வழியும் விரிகிறது. அந்த ஷிம் அடுக்குக்குத் ‘தகட்டடுக்கு’ என்றால் போதும், பெரிய விவாதம் தேவையில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். ட்ரெயிலுக்குச் சொன்ன ‘பின்தங்கல்’ இருக்கட்டும். ஸ்டியரிங் அச்சின் கோட்டைத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடம் உண்மையிலேயே அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அந்த இடைவெளிதான் ட்ரெயில். அங்கே பின் என்பது இடம். குட்டையான ஃபோர்க்கை மாட்டினால் முன்பக்கம் தாழ்ந்து பின்தங்கல் குறையும், ஹேண்டில் படபடக்கத் தொடங்கும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

எனக்கு முடிவு தெரியாமல் நிற்பது சேகுக்கான (எடை ஏறியதும் ஃபோர்க்கும் ஷாக்கும் இறங்கும் அளவு) சொல். ‘தொய்வு’ என்று பெரும்பாலோர் சொல்கிறீர்கள். கயிறு, கட்டில், பந்தல் எல்லாவற்றுக்கும் பழகிய சொல்தான். ஆனால் தொய்வு என்றாலே சரிசெய்ய வேண்டிய குறை என்று படுகிறது. இங்கே அது குறை இல்லை, வேண்டும் என்றே விடுவது. ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால்தான், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையைப் பிடிக்க இடம் இருக்கும். ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, ஏறி உட்கார்ந்து, மெல்ல இறங்கி, அது நகர்ந்த தூரத்தை அளக்கும்போது ‘வண்டி அமிழ்ந்திருக்கிறது’ என்றுதான் எனக்கு வருகிறது. அதனால் அமிழ்வு: வண்டி தன் எடைக்கே இறங்குவது தன்னமிழ்வு, ஆள் ஏறியதும் இறங்குவது ஆளமிழ்வு. நீரில் அமிழ்வதோடு குழம்புமா என்பது என் ஐயம். தொய்வா, அமிழ்வா? வண்டிப் பக்கத்தில் நின்று, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை அந்த அத்தியாயத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்