மறுமொழி: கூட்டு வில்லா, கப்பி வில்லா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மான் வேட்டைக்குத் துப்பாக்கி ஏற்றதா, வில் ஏற்றதா என்று கட்டுரை எழுதிவரும் நம் அமெரிக்க உறுப்பினர் கேட்டிருந்த தமிழ்ச் சொற்களில், 'காம்பவுண்ட் பௌ' (நுனிகளில் உருளைகள் பூட்டிய இக்கால வேட்டை வில்) என்பதற்கான பெயர் ஒன்றுதான் மூன்று நாள்களாக இழுபறியில் நிற்கிறது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். மதுரைப் பக்கத்தில் சடங்காக ஊர்கூடிப் போகும் பாரிவேட்டையில் முயல் அடித்தாலே வழக்கு வரும். ஆகையால் இந்தக் கருவிக்கு ஊர்வழக்கில் ஆயத்தமான பெயர் கிடைக்கும் என்று தேடுவதில் பயனில்லை. பெயரை நாம்தான் ஆக்கியாக வேண்டும்.

துப்பாக்கிச் சொற்களில் எனக்கு மாறுபாடு அதிகம் இல்லை. உட்புறம் சுரிவரி (சுருள் பள்ளம்) வெட்டிய குழலையுடைய ரைஃபிளுக்கு ஈழத்து நண்பர் முன்வைத்த 'துமுக்கி' சுருக்கமாக இருக்கிறது. முதலில் வரும் இடத்தில் மட்டும் 'சுரிகுழல் துப்பாக்கி' என்று விளக்கினால் போதும். பல சன்னங்களை, அதாவது சிறு குண்டுகளை, ஒரே வெடியில் சிதறவிடும் ஷாட்கன்னுக்குச் 'சன்னத் துப்பாக்கி' பொருந்தும் என்றாலும், மானுக்கு அதில் பெரும்பாலும் ஒற்றைக் குண்டைப் போட்டே சுடுகிறார்கள். துமுக்கிக் குண்டு நெடுந்தொலைவு செல்லும் என்பதால், சமதரையான சில அமெரிக்க மாநிலங்களில் நெடுங்காலம் மான் வேட்டைக்கு இத்துப்பாக்கியையே வலியுறுத்தினார்கள். எனவே கட்டுரையில் 'ஒற்றைக்குண்டுச் சன்னத் துப்பாக்கி' என்ற முரண்தொடர் வந்தே தீரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ('பால்ரஸ் துப்பாக்கி' என்று வைத்தால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் விளங்கும், காவல் நிலையத்துக்கு முதலில் விளங்கும்.)

இனி வில்லுக்கு வருகிறேன். 'கூட்டு வில்' என்பதை நான் ஏற்காததற்கு என் சொந்தப் பிழையே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழுக்குச் சொற்பட்டியல் தொகுத்தபோது, அகராதியைப் பார்த்து இதற்குக் 'கூட்டு வில்' என்றே எழுதிவிட்டேன். அதே இதழில் வேறொருவர், கொம்பும் மரமும் நரம்பும் ஒட்டிச் செய்த பழைய குதிரைவீரர் வில்லுக்கும் அப்பெயரையே வைத்திருந்தார். படித்தவர்கள் இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் கடிதம் எழுதினார்கள். பல பொருள்களைக் கூட்டிச் செய்தது என்ற பொருளில் அப்பெயர் பழைய வில்லுக்கே உரியது. வேட்டை வில்லைப் பற்றிய கட்டுரையில் இரண்டுமே இடம்பெறக்கூடும் என்பதால், குழப்பத்தை இங்கேயே தடுப்பது நல்லது.

ஓரி மன்னனை நினைவில் கொண்டு 'வல்வில்' என்று சொன்ன அம்மையாரின் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் இந்த வில்லின் சிறப்பு வலிமையில் இல்லை. 60 பவுண்டு இழுவிசை, அதாவது ஏறத்தாழ 27 கிலோ, உள்ள ஒரு வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாணை இழுக்கத் தொடங்கும்போது ஒரு சிப்பம் அரிசியை மூன்று விரலால் தூக்குவதுபோல் இருக்கும். ஆனால் முழுவதும் இழுத்து முடிக்கும் தறுவாயில் பாரம் சட்டென்று இறங்கி, 80 விழுக்காடு குறையும் வகை என்றால், கையில் 12 பவுண்டே நிற்கும். மான் சிறு அசைவையும் கண்டுகொள்ளும் விலங்கு. அது பக்கவாட்டில் திரும்பும்வரை நாணை இழுத்தபடியே அசையாமல் நிற்க வேண்டும். சாதாரண வில்லில் சில நொடிகளிலேயே தோள் நடுங்கிவிடும். இந்த வில்லில் நிதானமாகக் காத்திருக்கலாம். வேட்டைக்காரர்கள் பலர் இதைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

இந்தப் பாரம் எப்படி இறங்குகிறது என்பதில்தான் பெயருக்கான விடை இருக்கிறது. வில்லின் நுனிகளில் அச்சு நடுவில் அமையாத உருளைகள் உள்ளன. நாணை இழுக்க இழுக்க அவை சுழன்று, நாணின் பக்கம் நெம்புகோல் நீளத்தைக் கூட்டி, வில்கைகளை (வளையும் மேல், கீழ்ப் பகுதிகளை)ப் பிணைக்கும் வடத்தின் பக்கம் அதைக் குறைக்கின்றன. மிசௌரியைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற வில்லிலும் இந்த உருளைகளே புதுமை. ஆதலால் 'கப்பி வில்' என்று முன்மொழிகிறேன்.

இதற்கு எழுந்த மறுப்புகளில் ஒன்று வலுவானது. கிணற்றுக் கப்பி இழுக்கும் திசையை மாற்றுமே தவிரப் பாரத்தைக் குறைக்காது. ஆகவே 'நெம்புருள் வில்' என்பதே துல்லியம் என்கிறார் பொறியாளர் ஐயா. இயற்பியலில் அவர் கூறுவது சரி. ஆனால் அலங்காநல்லூருக்கு அருகே என் அம்மா வீட்டுக் கிணற்றில், கயிறு தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்றாகி, கிறீச்சிட்டால் விளக்கெண்ணெய் விட்ட அந்த இரும்புக் கப்பியைப் பார்த்தவர்கள், இந்த வில்லின் படத்தைக் கண்டதும் 'நுனியில் கப்பி வைத்திருக்கிறார்களே' என்றுதான் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியும் உறுப்பால் கருவிக்குப் பெயர் அமையட்டும். 'நெம்புருள்' என்பதை அந்த உறுப்புக்கே வைத்துக்கொள்வோம். கப்பி என்றால் சாலைக்குப் போடும் கல்லும் ஆகும் என்ற மறுப்பை நான் பொருட்படுத்தவில்லை. வில்லோடு சேர்த்துச் சொல்லும்போது யாரும் கல்லை நினைக்கமாட்டார்கள்.

அடிக்கட்டையில் குறுக்காக வில்லைப் பொருத்திய 'கிராஸ்பௌ' என்பதைக் 'குறுக்கு வில்' என்று எழுதுவது சொல்லுக்குச் சொல் வைத்த பெயர்ப்பாகப் படுகிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரைக் கோட்டைக் காவலைச் சொல்லும்போது, மிளையையும் (காவற்காடு) கிடங்கையும் (அகழி) அடுத்து 'வளைவிற்பொறி'யை வைக்கிறது. தானே வளைந்து எய்யும் எந்திர வில் என்று அதற்கு உரை கூறுவர். விசையைத் தட்டினால் எய்யும் கருவிக்கு 'விற்பொறி' என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே. எங்கள் ஊர்ச் சொல் என்பதால் எனக்குச் சற்று ஓரவஞ்சனை உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

எஞ்சியிருப்பது, முழு இழுப்பில் பாரம் குறையும் அளவுக்கான சொல். 'தளர்வு' வேண்டாம், நாண் தொய்ந்துவிட்டது என்று பொருள்படும். கயிற்றை இளக்கிக் கொடு என்கிறோமே, அதிலிருந்து 'இளக்கம்' என்று வைக்கலாம் எனத் தோன்றுகிறது. இதுவும் தொய்வையே சுட்டும் என்று யாரேனும் கருதினால், மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

சோதனைக்காக, கட்டுரையில் வரக்கூடிய ஒரு பத்தியை இச்சொற்களை இட்டு எழுதிப் பார்த்தேன்:

"இங்கிலாந்தில் மானை வில்லால் வேட்டையாடுவது சட்டப்படி கூடாது, 1991ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான மான்களுக்குக் குறைந்தது 0.240 அங்குலக் குழல் விட்டமுள்ள துமுக்கியைக் கேட்கிறது. அமெரிக்காவிலோ கப்பி வில்லுக்கு அனுமதி உண்டு. பல மாநிலங்கள் 40 பவுண்டு அல்லது அதை ஒட்டிய இழுவிசையைக் கீழ்வரம்பாக வைத்துள்ளன. இளக்கம் எவ்வளவு மிகுதியாக இருந்தாலும், நாணை இழுக்கும்போது அந்த உச்ச விசையைக் கடந்தாக வேண்டும் என்பதால், வாங்குபவர் கையில் நிற்கும் பாரத்தை மட்டும் பார்த்து வில்லைத் தேர்ந்தெடுக்கலாகாது."

கடைசி வாக்கியத்தில் 'இளக்கம்' இடறுகிறதா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருநகர், மதுரை