அப்பத்தாவோடு ஒரு படம்: இடம் எது?

குழு: ரங்கூன் வீடு

சித்தப்பா (காலை 8.10): சிங்கப்பூர்க்காரன் வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறான், திங்கள் இரவு கிளம்பிவிடுவான். பதினான்கு பேரும் சேர்ந்து இருப்பது அந்த ஞாயிறு மட்டும்தான். படம் எங்கே எடுப்பது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அத்தை: ஸ்டுடியோவிலேயே எடுக்கலாமே. அப்பா காலத்துப் படத்தில் பின்னால் திரையில் வரைந்த பயாதான், அந்தப் புத்தர் கோபுரம். அழகாகத்தானே இருக்கிறது?

அக்கா: நிஜப் பயா இருக்கிற ஊரில் திரைக்கு முன்னால் நிற்பதா அத்தை?

சிங்கப்பூர் அண்ணன்: ஷ்வேடகோன் பயாவின் மேல்தளத்துக்கே போய்விடலாம்.

நான்: மேலே வேண்டாம் அண்ணே. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நம் படத்தில் நாற்பது தலை விழும். பயா 326 அடி. கிட்டே நின்றால் உச்சிக் குடை வெட்டுப்படும், உச்சி வரைக்கும் வேண்டுமென்றால் நாம் எறும்பாகிவிடுவோம்.

அக்கா: வெயில் ஏறினால் பளிங்குத் தரை சுடும். வெறுங்காலோடு அப்பத்தா எப்படி நிற்பார்கள்?

சித்தப்பா: அப்படியென்றால் கன்டோஜி ஏரி. முன்னால் தண்ணீரில் பறவை வடிவில் நிற்கிற கரவேக் மண்டபம், தூரத்தில் பயா. சாயங்காலம் ஐந்து மணி. முடிந்தது பேச்சு.

நான்: முடியவில்லை சித்தப்பா. நேற்று வேலை விட்டு வரும்போது அங்கே இறங்கி ஒரு படம் எடுத்தேன். இதோ.

(படம்)

அத்தை: யார் இது, கருப்பாக?

நான்: என்னோடு வேலை பார்க்கிற பையன். நல்ல சிவப்பு அவன்! ஏரியிலிருந்து பார்த்தால் பயா மேற்கே இருக்கிறது. சாயங்காலம் சூரியன் அதன் பக்கமாகத்தான் இறங்குகிறது. வானம் செக்கச்செவேல், முகம் தோசைக்கல். காலையில் போனால் நமக்குப் பின்னாலிருந்து வெயில் வராது. முகத்திலும் விழும், பயாவிலும் விழும்.

அக்கா: காலை என்றால் எத்தனை மணி?

நான்: டிசம்பரில் ஆறரைக்கு ஒட்டி விடிகிறது. ஏழு மணிக்கு நிற்க வேண்டும்.

அக்கா: ஏழா! ஐந்து பெண்கள் புடவை கட்ட வேண்டும். விடியற்காலை கரண்ட் இருக்குமா? இஸ்திரி எப்படிப் போடுவது?

அத்தை: முதல் நாளே கரண்ட் வருகிற நேரம் பார்த்துப் போட்டு வை. அதையெல்லாம் சாக்காகச் சொல்லாதே.

சிங்கப்பூர் அண்ணன்: சாயங்காலம்தான் வேண்டுமென்றால் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் போகலாமே? அது பயாவுக்கு மேற்கே இருக்கிறது. அங்கே நின்றால் இறங்குகிற வெயில் நம் முகத்தில் விழும்.

நான்: சரியான யோசனைதான் அண்ணே. ஆனால் அங்கே படத்தில் ஏரித் தண்ணீர் இந்த மாதிரி வராது. அப்பத்தாவிடமே கேட்டுவிடலாம்.

அக்கா (10.40): அப்பத்தா வாயால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சாயங்காலம் எனக்குக் கால் வீங்கிவிடும், காலையிலேயே வைத்துக்கொள். ஆனால் வெயிலைப் பார்த்து உட்காரவைத்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும். கண் ஆபரேஷன் ஆனவளை அழுகிறவளாக்கிவிடாதே."

சித்தப்பா: அது நியாயம்.

நான்: படம் எடுக்கிற சேயாவிடம் (பர்மியில் ஐயா) கேட்டேன். ஏழு மணி வெயில் அவ்வளவு குத்தாது, கரையோரம் தூங்குமூஞ்சி மர நிழல் விளிம்பில் உட்காரவைக்கலாம் என்றார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, அவர் மூன்று சொல்லும்போது மட்டும் திறக்க வேண்டுமாம். யாரும் கண்ணைச் சுருக்கியிருக்க மாட்டார்கள்.

சிங்கப்பூர் அண்ணன்: பயா பின்னால் புள்ளி மாதிரி வராதா?

நான்: ஃபோனில் எடுத்தால் அப்படித்தான் வரும். அவர் நீள லென்ஸ் போட்டு நம்மைவிட்டுத் தள்ளி நின்று எடுப்பார். அப்போது பயா பக்கத்தில் வந்தது போலப் பெரிதாகத் தெரியும்.

அத்தை: அந்த மரப்பலகைப் பாலத்தில் மட்டும் ஏற்ற வேண்டாம். போன தடவை சக்கர நாற்காலியின் முன்சக்கரம் இரண்டு பலகைக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மூன்று பேர் தூக்கினோம். அம்மா அன்றிலிருந்து பலகையைப் பார்த்தாலே கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான்: பாலத்துக்கே போகவில்லை அத்தை. வண்டி நிற்கிற இடத்திலிருந்து புல்தரை, அவ்வளவுதான்.

சித்தப்பா: சரி, ஞாயிறு காலை கன்டோஜி. சக்கர நாற்காலி படத்தில் தெரிய வேண்டாம் என்கிறார்கள் அம்மா. வீட்டுப் பிரம்பு நாற்காலியை என் வேனில் ஏற்றிவிடுகிறேன்.

அக்கா: அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது சித்தப்பா.

சித்தப்பா: சனிக்கிழமை ஆணி அடிக்கிறேன்.

சிங்கப்பூர் அண்ணன்: படம் முடிந்ததும் மொய்ங்கா, அந்த மீன் குழம்பு நூடுல்ஸ், என் செலவு. யாரும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்.

அத்தை: வெள்ளைப் புடவையில் குழம்பு சிந்தினால்?

அக்கா: அதனால்தான் படம் முடிந்ததும் என்றான் அத்தை.